வைகையின் கடைமடையில்: ராமநாதபுரம் பயணக் குறிப்புகள்

சனி, பார்த்திபனூர்

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை 258 கிலோமீட்டர் ஓடி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குகிறது. அதற்கும் மேல் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலைத் தொடும். ஓர் ஆறு கடலுக்குப் போகாமல் கண்மாயில் முடிகிறது என்றால், வழியெல்லாம் அதை வாங்கி நிறுத்திவைக்க எத்தனை தலைமுறை மண் சுமந்திருக்கும் என்று பார்த்திபனூர் மதகணையின் மேல் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாசி பிறந்துவிட்டது. அணைக்குக் கீழே மணலும் நாணலும்தான். இரண்டு கரையிலும் பிரிந்து போகும் பிரதானக் கால்வாய்களில் ஆங்காங்கே குட்டையாகத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது.

வைகையின் பூர்வீகப் பாசனத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2. கணக்கில் பெரிய பங்கு கடைசியில் இருப்பவனுக்கு. ஆனால் தண்ணீர் மேலே இருந்துதானே வர வேண்டும்! மதகணையடியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் சொன்னார்: "பங்கு எங்களுக்குத்தான் தம்பி கூட. வர்றது மட்டும் கடைசியா வரும்."

இந்த மாவட்டத்தைத் 'தண்ணியில்லாக் காடு' என்றே தமிழ்நாடு முழுக்கப் பேசிப் பழகிவிட்டோம். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சால்மரில் சுமார் 200தான். இங்கே சிக்கல், அந்த மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது என்பதுதான். நிலம் தட்டை, நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். ஆகவே பெய்ததைத் தரைக்கு மேலேயே பிடித்துவைத்தாக வேண்டும். அதற்காகத்தான் ஒன்றின் மிகுதி அடுத்ததில் விழும்படி கண்மாய்களைச் சங்கிலியாகக் கோத்தார்கள். மாவட்டத்தில் இன்றும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவை உயிரோடு இருக்கின்றனவா, இருக்கின்றன என்றால் யாரால் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன். இரவு பரமக்குடியில் தங்கல்.

ஞாயிறு, முதுகுளத்தூர்ச் சாலையில் ஒரு கண்மாய்

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பில், ஓர் ஆக்கிரமிப்பு வழக்கு நடக்கிறதாம். எழுதவில்லை.

காலை ஆறரைக்கெல்லாம் நீர்பாய்ச்சி ஐயா கரைமேல் காத்திருந்தார். மடை திறந்து ஊர் வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கு வைப்பவர்தான் நீர்பாய்ச்சி. எழுபதைத் தாண்டிய வயது, தோளில் மண்வெட்டி. கரை நெடுக நடந்தோம். ஒவ்வொரு மடையிலும் நின்று அதன் பெயரையும், அதில் பாயும் வயல்கள் யார் யாருடையவை என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தார். அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளடியாகக் கிடந்தது. கண்மாயில் கால்வாசித் தண்ணீர் மிச்சம். இந்த வருசம் பரவாயில்லை என்றார்.

"நெறஞ்ச வருசத்துல மடையை யாரு வேணும்னாலும் தொறக்கலாம் தம்பி. கொறஞ்ச வருசத்துலதான் நீர்பாச்சிக்கு வேலை."

குறைந்த வருசத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். தை பிறக்கும் முன்னே ஊர் கூடும். இவர் கண்மாயில் இறங்கி நின்று, இன்னும் எத்தனை நனைப்புக்குத் தண்ணீர் காணும் என்று சொல்வார். அதற்கு மேல் கூட்டம் முடிவெடுக்கும். ஒரு வருசம், யார் எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்று முடிவானது. பத்து ஏக்கர்க்காரர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். ஆனாலும் மடை அந்தக் கணக்கில்தான் திறந்தது. ஐயா இதைச் சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

அந்த நிமிர்வுக்குப் பின்னால் இருக்கும் இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் நேர்மையாகாது. பல ஊர்களில் இந்த வேலை ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களின் தலையில் தலைமுறை தலைமுறையாக ஏற்றப்பட்டது. ஊர்த் தண்ணீரையே பங்கு பிரித்தவருக்குக் களத்து மேட்டில் சில மரக்கால் நெல், அவ்வளவுதான். ஊரே கூடிக் கண்மாயைப் பராமரிப்பதைக் குடிமராமத்து என்று இன்று பெருமையாகப் பேசுகிறோம். அதைக் கட்டாய உழைப்பாகச் சட்டத்தில் எழுதியே வைத்தார்கள், 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தில். ஐயாவின் இரண்டு மகன்களும் திருப்பூரில் இருக்கிறார்கள். "அவனுக இதுக்கு வரமாட்டானுக, வரவும் வேணாம்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த வேலை மரியாதையோடும் மாதச் சம்பளத்தோடும் இருந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு கண்மாய்கள் அரசுக்கு வந்தன. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை), குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். கரையும் மடையும் கணக்கில் ஏறின. நீர்பாய்ச்சியும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலும் எந்தக் கணக்கிலும் சரியாக ஏறவில்லை. 2017இல் குடிமராமத்துத் திட்டம் மறுபடி வந்தபோது பல ஊர்களில் உள்வாயில் மண் அள்ளினார்கள், கரையை உயர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் இந்தக் கண்மாயின் வரத்துக்கால் மூன்று ஊர் எல்லைகளைத் தாண்டி வருகிறது. அந்த மூன்று ஊருக்கும் சேர்த்து அதைச் செதுக்க ஆளில்லை. முன்பு ஆடியில் மூன்று ஊர் ஆட்களும் மண்வெட்டியோடு கூடுவார்களாம். இப்போது அதற்குள் சீமைக்கருவேலம் நிற்கிறது.

மேற்கு மூலையில் கல்தூண் நிறுத்திய பழைய மடை ஒன்றைக் காட்டினார். அங்கே சேறு மண்டிப் பாதி மூடிக் கிடக்கிறது. பாண்டியர் காலக் குமிழித் தூம்புகளில் நீரோடித் துளை, சேறோடித் துளை என்று இரண்டு உண்டு. மேலே தெளிந்த நீர் வயலுக்குப் போகும்போதே அடியில் சேறும் கலங்கி வெளியேறி, உரமாக வயலில் படியும். வருசா வருசம் கண்மாய் தன்னைத்தானே தூர்வாரிக்கொள்ளும் ஏற்பாடு. இந்த மடையிலும் அப்படித்தானா என்று இறங்கிப் பார்க்க ஆசை. ஐயா விடவில்லை. கட்டுவிரியன் இருக்குமாம்.

திங்கள், கரிமூட்டம்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "அந்தச் சனியன் பிடித்த கருவேலத்தை வேரோடு பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடுமே, ஏன் செய்யவில்லை?" என்று கேட்டார். இன்று முழுக்க அதற்கு விடை தேடித்தான் அலைந்தேன்.

சாலையை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் புகை. வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலும் செத்தையும் பரப்பி, அதன்மேல் ஈரமண் பூசி மூடியிருக்கிறார்கள். தீ உள்ளே கனன்றுகொண்டே இருக்க வேண்டும், எரிந்துவிடக் கூடாது. எங்காவது மண் வெடித்துக் காற்று நுழைந்தால் மொத்தமும் சாம்பல். அதனால் இரவிலும் யாராவது ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து வெடிப்பை மண் வைத்து அடைக்கிறார்கள். சில நாட்கள் கழித்து மூட்டத்தைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றி அவித்து, பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார்கள். தூர்க்கரிக்கு நல்ல விலை, குச்சிக்கரிக்குக் குறைவு. முகத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றிக் கட்டியிருந்த அக்கா ஒருவர் சொன்னார்: "எங்களுக்கு வயலும் இல்ல, கண்மாய்ல பங்கும் இல்ல. மழை பேஞ்சாலும் பேயாட்டியும் இந்த முள்ளுதான் சோறு போடுது. இதைப் பிடுங்கிட்டு எங்களுக்கு என்ன குடுப்பீங்க?"

நான் குறித்துக்கொண்ட முக்கியமான கேள்வி இதுதான்.

சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். இந்தியாவுக்கு 1877இல் வந்தது. விடுதலைக்குப் பிறகு வறண்ட மாவட்டங்களின் விறகுத் தேவைக்காக விதை தூவிப் பரப்பினார்கள். உவர் மண்ணைத் தாங்கும், வேர் ஆழத்துக்கு இறங்கும், தன் நிழலில் மற்ற செடிகளை எழவிடாது. இனிப்பான நெற்றை ஆடும் மாடும் தின்று, போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதைத்துவிட்டு வரும். வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பொய் இல்லாமலே அதன் மேல் சொல்லக் குற்றம் போதுமான அளவு இருக்கிறது.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னது. மாவட்டம் முழுக்கப் பொக்லைன் ஓடியது. அதே ஆண்டில் தடையும் வந்தது. 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. 2017இல் பொக்லைன் ஓடிய ஓர் உள்வாயைக் காட்டினார்கள். இடுப்பு உயரம், ஆள் உயரம், அதற்கும் மேல் என்று மறுபடி காடாகி நிற்கிறது. பக்கத்திலேயே ஒருவர் தூரோடு தோண்டி எடுத்து வருசா வருசம் உழுது விதைக்கும் புஞ்சையில் ஒரு கன்று இல்லை. வரப்போரம் முளைத்ததை அவர் மனைவி களைக்கொத்தியால் கொத்திப் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

மரம் நிலத்தைப் பிடித்துக்கொண்டதால் விவசாயம் போனது என்று கேட்டே வளர்ந்தோம். விவசாயம் கைவிட்ட இடத்தில்தான் மரம் வந்து உட்கார்ந்தது என்று இன்று பார்த்தவை சொல்கின்றன. கண்மாய் நிறையாத வருசங்கள், ஊரைவிட்டுப் போன ஆட்கள், உழாத புஞ்சை, அப்புறம்தான் முள். அதனால் பிடுங்குவதற்குச் செலவழிப்பதைவிட, பிடுங்கிய இடத்தில் மூன்று நான்கு வருசம் தொடர்ந்து பயிர் நிற்க வைப்பதற்குச் செலவழிக்க வேண்டும். வெட்டுகிற வேலையைக் கரிமூட்டக்காரர்களுக்கே முறை வைத்துக் கொடுத்தால் அந்த அக்காவின் கேள்விக்கும் ஒரு தொடக்கமாவது கிடைக்கும்.

செவ்வாய், காஞ்சிரங்குளம், சித்திரங்குடி

இரண்டும் முதுகுளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பறவைகள் சரணாலயங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தவை. வெளியூர்க்காரருக்குச் சரணாலயம், ஊர்க்காரருக்குக் கண்மாய். காஞ்சிரங்குளத்தில் தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. குஞ்சுகள் ஓயாமல் கத்துகின்றன. எச்சம் விழுந்து மரமே வெள்ளையடித்த மாதிரி நிற்கிறது. அந்த எச்சம் கலந்த தண்ணீர் பாயும் வயலுக்கு உரம் குறைவாகப் போட்டால் போதும் என்று அங்கே ஒருவர் சொன்னார்.

நாட்டுக் கருவேலம் நம் மரம். கண்மாய் உள்வாயில் சமூகக் காடாக வளர்த்ததும் இதைத்தான். நுனிக்கிளை வரை முள் இருப்பதால் கூட்டுக்குப் பாதுகாப்பு. தண்ணீரில் மாதக்கணக்கில் நின்றாலும் சாகாது. நேற்றைய மரத்தோடு இதைக் குழப்பி எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன். பங்குனிக்குள் தண்ணீர் வற்றினால் குஞ்சுகள் பறக்கும் முன்பே இரை தீர்ந்துவிடும். நாரைக்கும் நெல்லுக்கும் ஒரே வரத்துக்கால்.

புதன், கமுதி

கமுதிக்குப் பக்கத்தில் 2016இல் தொடங்கிய சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கர். சாலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீலத் தகடுகள். திறந்தபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. வெயில் இங்கே குறையாமல் விளைகிறது, அதை விற்பதில் எனக்கு மறுப்பில்லை. நிலக்கரிப் புகையைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் மத்தியானம் சந்தித்த, ஆட்டு மந்தை நடத்தும் கீதாரி அப்பச்சி நிலத்தை வேறு கணக்கில் பார்க்கிறார். அவருடைய மந்தை இன்னும் சில நாட்களில் வடக்கே தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்புகிறது. அறுவடை முடிந்த வயல்களில் இரவு இரவாகக் கிடை போடுவார்கள். ஆட்டுச் சாணமும் மூத்திரமும் வயலுக்கு, கூலி இவர்களுக்கு. மழைக்காலம் வருமுன் திரும்பி வந்தால் உழாத புஞ்சையும் ஓடைக்கரையும் கண்மாய்ப் புறம்போக்கும்தான் மேய்ச்சல். "தரிசு தரிசுன்னு எழுதி வச்சிருக்காகல்ல, அதுலதான் எங்க ஆடு வளந்துச்சு" என்றார். புஞ்சைக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டு மதுரைக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். அவர்கள் கையில் காசு வந்தது. மேய்ச்சலை மட்டும் நம்பியவருக்குப் பத்திரத்தில் பெயரும் இல்லை, பேச்சில் இடமும் இல்லை. ஆடு குறைந்தால் கிடை குறையும், கிடை குறைந்தால் மண்ணுக்கு உயிர் குறையும் என்பது இந்த வட்டாரத்து விவசாயி எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இனி வரும் சூரிய மின் நிலையங்களுக்காவது, ஓடைப்போக்கையும் மேய்ச்சல் பாதையையும் முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டு அதன் பிறகு வேலி போடலாம். தகடுகளுக்கு அடியில் ஆடு மேய்க்கும் நாடுகள் இருக்கின்றன.

வியாழன், ஊருணியும் மிளகாய்க் களமும்

இன்று அதிகம் எழுத நேரமில்லை, கை வேறு காந்துகிறது. காலையில் இருந்து மிளகாய்க் களத்தில் இருந்தேன்.

வரும் வழியில் ஒரு ஊருணி. கம்பி வேலி, ஒரே ஒரு படித்துறை. செருப்போடு யாரும் இறங்குவதில்லை, மாடு இறங்காது, துணி துவைப்பதில்லை. காவிரி கூட்டுக் குடிநீர் குழாயில் வந்தாலும் குடிக்கவும் சோறு வடிக்கவும் ஊருணித் தண்ணீர்தான் என்கிறார்கள். ஆத்தா ஒருவர் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் இழைத்துத் தெளியவைத்த தண்ணீரைக் கொடுத்தார். இனித்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரில் ஊருணி தூர்ந்துபோய், பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு இங்கே வருகிறார்கள். தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இந்தப் பக்கம் ஊருணிகளைத் தூர்வாரிக் கொடுத்திருக்கின்றன. தூர்வாரியபின் காவல் காப்பது ஊர்தான்.

மிளகாய் உருண்டையானது. முண்டு என்றும் குண்டு மிளகாய் என்றும் சொல்கிறார்கள். ராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மழையில் வளர்ந்து, மாசியிலிருந்து பழம் பறிக்கிறார்கள். களம் முழுக்க சிவப்பு. இந்த வீட்டுப் புஞ்சை எட்டு வருசத்துக்கு முன்பு முழுக்கச் சீமைக்கருவேலமாம். அக்காவும் அண்ணனும் மரத்தைக் கரிக்கு விற்று, அந்தக் காசிலேயே தூர் தோண்டி, மூலையில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறார்கள். தை மாதம் பூக்கிற நேரத்தில் மண் காய்ந்தால் குட்டையிலிருந்து ஒரு உயிர்த்தண்ணி. அந்த ஒன்றுதான் போட்ட முதலை எடுக்க வைக்கிறது. திங்களன்று நான் எழுதியதை எனக்கு முன்பே செய்து முடித்திருக்கிறார்கள்!

விலை மட்டும் அவர்கள் கையில் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்குக் கொண்டுபோவதால் விழுந்துவிடுகிறது. காய வைத்துப் பத்திரப்படுத்தக் கிடங்கு வேண்டும் என்பது அக்காவின் கோரிக்கை. குறியீடு கிடைத்தபின் கேட்கும் முதல் உதவி இதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளி, ராஜசிங்கமங்கலம்

"நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று சொல்வார்கள். ஒரே மூச்சில் நாரைகூடப் பறந்து கடக்க முடியாத அகலம். பெயரிலேயே பாண்டியன் ராஜசிம்மன் இருக்கிறான். கரையில் ஏறி நின்றால் எதிர்க்கரை தெரியவில்லை. தண்ணீர் நடுவில்தான் கிடக்கிறது, ஓரமெல்லாம் வெடித்த சேறு, அதில் மாடுகள்.

சாயங்காலம் இதன் ஆயக்கட்டில் உள்ள சிறிய ஊர் ஒன்றில் பாசனக் கூட்டம். கோயில் திண்ணையில் முப்பது பேர் இருந்தார்கள், பெண்கள் நாலு பேர். அந்த ஊர்ச் சிறு கண்மாயின் மீன்பாசிக் குத்தகைப் பணத்தை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. வழக்கமாகத் திருவிழாவுக்குப் போகும். ஓர் இளைஞர் எழுந்து, நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் போடுவோம், ஆடியில் வரத்துக்கால் செதுக்கப் பக்கத்து ஊர்க்காரருக்கும் கூலி கொடுப்போம் என்றார். பெரியவர் ஒருவர் சாமி காசில் கை வைக்கக் கூடாது என்றார். சத்தம் கூடியது. "வரத்துக்கால் அடைஞ்சு கெடந்தா மீன் எங்கிட்டுருந்து வரும், சாமி காசு எங்கிட்டுருந்து வரும்?" என்று ஓர் அக்கா கேட்டபோது சிரிப்பு எழுந்தது, சத்தம் அடங்கியது.

பாதிப் பணம் திருவிழாவுக்கு, பாதி வரத்துக்காலுக்கு என்று முடிவானது. நீர்பாய்ச்சி யார், எந்தத் தெருக்காரர், சம்பளம் எவ்வளவு என்பதில் ஒத்துவரவில்லை. அதைச் சித்திரைக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். புரட்டாசியில் புழுதி விதைப்பு தொடங்குமுன் ஆளைப் போட்டாக வேண்டும்.